மறதிக்காரி வேஷம்

என் அண்ணி பல வருஷம் நோயாளியாக வேலை பார்த்தாள். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை உண்டு. மருத்துவக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடக்கும்போது, நிஜ நோயாளியை உட்காரவைத்து நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டு வாட்ட முடியாது. அதனால் வெளியிலிருந்து ஆட்களை அழைத்து, உனக்கு நெஞ்சுவலி, உனக்கு மூச்சிரைப்பு என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு அறையில் உட்காரவைப்பார்கள். மாணவன் கதவைத் தட்டி உள்ளே வந்து விசாரிப்பான். மூலையில் ஒரு டாக்டர் உட்கார்ந்து மார்க் போடுவார். மணி அடித்ததும் அவன் அடுத்த கதவுக்கு ஓடுவான், இன்னொருவன் இந்தக் கதவுக்கு வருவான்.

அந்த மணியை அடிப்பவள் நான். மற்ற நாளில் அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் கோப்பு தூக்குகிறவள், தேர்வு நாளில் மட்டும் ராணி. நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் பித்தளைக் கைமணி. மின்சார மணி வைத்துப் பார்த்தார்கள், பாதிக் கதவுக்குக் கேட்கவில்லை. என் கைமணிதான் எல்லோர் காதையும் துளைத்தது. அண்ணி எனக்கு 'பெல்லு' என்று பேர் வைத்ததும் அதனால்தான். அவளுக்கும் எனக்கும் ஆகாது என்று எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆகாது என்றால், ஒரு நாள் பார்க்காவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது, அந்த மாதிரி ஆகாது.

இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணி உயிரோடு, நல்ல உடம்போடு, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். ஆனால் அவள் இன்னும் அவள்தானா என்பது எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. அவளைப் போய்க் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. ஒரு மனுஷி இப்படிச் சோதித்துப் பார்க்கவே முடியாதவளாக ஆனது எப்படி என்று சொல்கிறேன்.

நோயாளி வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு பெரிய துணிக்கடையில் இருந்தாள். வாங்க வந்தவள் எடுத்துப் பார்க்கும் துணியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்து காட்டுவாள். அவள் நடக்கும் நடை அவளுடையதாக இருக்காது, எதிரில் நிற்பவளுடையதாக இருக்கும். கர்வக்காரி வந்தால் முகவாய் தானாக மேலே போகும். கூச்சக்காரி வந்தால் தோள் குறுகும். அந்தக் கடையில் கண்ணாடி தண்டம் என்று முதலாளியே சொல்வாராம். சாயங்காலம் அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பேச்சென்றால் காசு கேட்கும் ஜாதி. அவனே கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான். நான் ஏதாவது சண்டையைச் சாக்கு வைத்துக்கொண்டு போய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு வருவேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு கட்டத்தில் அண்ணி போதும் என்று சொல்லிவிட்டாள். பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. நான்கூட எடுத்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையை மூடியதும் அண்ணி வீட்டில் அடைந்து கிடந்தாள். டி.வி.யில் செய்தி வாசிப்பவளைத் தவிர மிமிக்ரி பண்ண ஆள் இல்லாமல் வாடினாள். பார்க்கச் சகிக்காமல் நான்தான் கல்லூரியில் சொல்லி வைத்தேன். முதலில் வயிற்றுவலி, பிறகு மூச்சிரைப்பு. மூச்சிரைப்பில் ஒரு மாணவன் நிஜமென்று பயந்து வெளியே ஓடிவந்து என் மேஜையில் மோதினான். அந்த வருஷமே அண்ணிக்கு மறதிக்காரி வேஷத்தைக் கொடுத்தார்கள்.

மறதிக்காரி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். புருஷன் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். கிழமை கேட்டால் தப்பாகச் சொல்வாள். கடிகாரம் வரையச் சொன்னால் எண்களை எல்லாம் ஒரே பக்கம் நெருக்கிப் போட்டுவிட்டு, மறுபக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து விழிப்பாள். கல்லூரி கொடுத்தது அவ்வளவுதான். மிச்சத்தை அண்ணி தானே வளர்த்தாள். மூத்தவனுக்கு இடதுகைப் பழக்கம் வந்தது. நடுவுள்ளவள் பிடிவாதக்காரி ஆனாள். கடைக்குட்டிக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போனது. பேர் நினைவுக்கு வராத ஆளைக் காட்டி இவர் யார் என்று மாணவன் கேட்டால், அண்ணி காது மடலைத் தொட்டுக்கொண்டு, "நமக்கு வேண்டியவங்கதான்" என்பாள். கேட்டவன் கண் கலங்கிவிடுவான். நடையில் நின்று கேட்கும்போது நானும் மணியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொள்வேன். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, இன்றைக்குக் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று சேர்த்துக்கொண்டேன் என்பாள். நடிப்புக்கு வந்த இடத்தில் குடும்பம் பண்றீங்களா என்று நான் கிண்டல் செய்வேன். இல்லாத பிள்ளைகளைப் பற்றி அவள் பேசும்போது மட்டும் அவள் குரல் யாருடைய மாதிரியும் இருக்காது, அவளுடையதாகவே இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம் போட்ட ஒருவர், வீட்டுக்குப் போயும் அழுகையை நிறுத்த முடியாமல் சாப்பாட்டை விட்டுவிட்டார். அதிலிருந்து தேர்வுப் பொறுப்பாளர் அம்மா ஒரு முறை கொண்டுவந்தார். கடைசி மணியை நான் நீளமாக அடிப்பேன். அடித்ததும் ஒவ்வொரு நோயாளியும் எழுந்து நின்று, ஈரத்தை உதறுவதுபோல் இரண்டு கையையும் உதறி, தான் யார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சத்தமாகச் சொல்லி, எனக்கு வியாதி இல்லை என்று முடிக்க வேண்டும். சொல்லாதவரைக் கதவைத் தாண்ட விடமாட்டோம். அண்ணி இதையும் சும்மா செய்ய மாட்டாள்.

"நான் துணிக்கடைக்காரி. வீட்டுல வேன் ஓட்டற புருஷன் இருக்கார், கேட்டாத்தான் பேசுவார். பக்கத்துத் தெருவுல ஒரு நாத்தனார் இருக்கா, கேக்காமலே பேசுவா. எனக்கு ஒரு வியாதியும் இல்ல."

நடை முழுக்கச் சிரிப்பாணி பறக்கும். நான் மணியை ஓங்கிக் காட்டுவேன்.

ஒரு நாள் நீள மணி அடித்தேன். அண்ணி எழுந்தாள், கையை உதறினாள். "வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்காங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவளும் சிரித்தாள், ஆனால் எங்கள் சிரிப்பைப் பார்த்த பிறகு சிரித்தாள். துணிக்கடையில் எதிராளியைப் பார்த்து முகவாயைத் தூக்குவாளே, அந்த மாதிரி. அவளுக்கு அசதி என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் தானாக வந்து பேச ஆரம்பித்ததே எனக்குத் திக்கென்றது. மேஜை இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் இருந்ததாம், புதுசு. வெட்டிப் பார்த்தால் அவன் கைக்கு வழங்கவே இல்லை. இடதுகைக்காரர்களுக்கென்று விற்கிறது. யாருக்கு என்று கேட்டிருக்கிறான். மூத்தவனுக்கு என்று சட்டென்று சொல்லியிருக்கிறாள். சொன்ன வேகத்தில் அவள் முகம் செத்துப்போனதாம். இரண்டு பேரும் அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம்.

நான் பொறுப்பாளர் அம்மாவிடம் போய், அவளுக்கு வேஷத்தை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். பழைய வயிற்றுவலியைக் கொடுத்தார்கள். அடுத்த தேர்வில் ஒரு மாணவி, வலி எப்போது தொடங்கியது என்று கேட்டாள். அண்ணி காது மடலைத் தொட்டுக்கொண்டு, கடைக்குட்டியைக் கேளுங்கள், அவளுக்குத்தான் தெரியும் என்றாள். மூலையில் இருந்த டாக்டர் அறை மாறிவிட்டதா என்று வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தார். அதோடு வேலை போயிற்று.

ஞாபகத்துக்கென்று தனியாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். தெரிந்த முகம் வேண்டாம் என்று அண்ணன் ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையைத் தேடிப்பிடித்தான். உள்ளே போனால் அந்த டாக்டர் எழுந்து நின்றே கும்பிட்டார். என்னை ஞாபகம் இருக்கிறதா அம்மா, உங்கள் அறையில்தான் நான் பாஸானேன் என்றார். கேட்ட பிறகுதான் யாரிடம் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடிகாரம் வரையச் சொன்னார். அண்ணி மளமளவென்று வரைந்தாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்றன. டாக்டர் மெதுவாக, இது பரீட்சைக் கடிகாரம், உங்கள் கடிகாரத்தைப் போடுங்கள் என்றார். அவள் அதே வேகத்தில் இன்னொன்று வரைந்தாள். பிசகில்லாத கடிகாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் பார்த்தார். சில வார்த்தைகளைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வழக்கமான வார்த்தைகளை அவள் கரைத்துக் குடித்தவள், எல்லாவற்றையும் ஒப்பித்தாள். புது வார்த்தைகள் கொடுத்தார். பாதி வரவில்லை. வராதபோது கை காது மடலுக்குப் போயிற்று.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நடிக்காம சொல்லுங்க."

"நடிக்காமத்தான் டாக்டர் சொல்றேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அதே பதிலை அதே குரலில் அவர் பரீட்சை அறையில் கேட்டிருக்கிறார், அது முகத்தில் தெரிந்தது. மூளையைப் படம் எடுத்தார்கள். வயசுக்குத் தகுந்த சுருக்கம்தான், இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். வேறு யாராக இருந்தாலும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும், இவருக்கு மட்டும் தெரியாது, தப்பான விடையையும் சரியான விடையையும் ஒரேபோலப் படித்தவரை எதை வைத்து அளப்பது என்று எங்களையே கேட்டார். டாக்டர் கேள்வி கேட்டால் நாங்கள் எங்கே போவது?

அந்த வாரமே, முதல் வருஷ மாணவர்களின் வகுப்பில் ஒலிபெருக்கி வைக்கப் போனேன். மனிதர் என்றால் யார் என்று ஒரு ஆசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவம் படிப்பவனுக்கு எதற்குத் தத்துவம் என்று நான் எப்போதும் முணுமுணுப்பவள், அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பலகையில் மூன்று வட்டம் போட்டிருந்தார். நீ என்பது உன் உடம்பா? உன் நினைவா? அல்லது உன்னை இன்னார் என்று தெரிந்து வைத்திருக்கிறார்களே மற்றவர்கள், அவர்களிடம் இருக்கிறதா? நாளைக்கு நீ எழுந்திருக்கும்போது உன் தலைக்குள் வேறொருவருடைய வாழ்க்கை முழுசாக ஞாபகம் இருந்தால், படுக்கையில் எழுந்தது யார்? பிள்ளைகள் குஷியாகச் சண்டை போட்டார்கள். ஒருவன் தன் கடனை எல்லாம் அந்த வேறு ஆளே கட்டட்டும் என்றான். வகுப்பே சிரித்தது.

வகுப்பு முடிந்ததும் நடையில் அவரை மறித்தேன். சார், இல்லாத பிள்ளைகளை ஒருத்தி ஞாபகம் வைத்திருந்தால் அந்த ஞாபகம் யாருடையது என்று கேட்டேன். அவர் வகுப்புக் குரலிலேயே, அருமையான கேள்வி என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். புத்தகங்களை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நின்றே கேட்டார்.

"அங்க உள்ள இதைக் கேட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. அதனாலதான் கேக்க முடியுது. உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

தெரியாது என்று சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆனால் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்கு நடந்துகொண்டே மூன்று வட்டத்திலும் அண்ணியை நிறுத்திப் பார்த்தேன். உடம்பு அவளுடையதுதான், துணிக்கடைக் கத்தரி கிழித்த தழும்புகூட மணிக்கட்டில் இருக்கிறது. ஆனால் மறதிக்காரி உட்கார்ந்திருந்ததும் அதே உடம்பில்தானே? நினைவு என்றால் பாதி அந்த எழுத்தருடையதாகிவிட்டது. மூன்றாவது வட்டம்தான் எனக்குப் பிடித்தது. அவள் யார் என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். நாங்கள் இறுக்கிப் பிடித்திருக்கிறவரை அவள் எங்கே போய்விடுவாள்? அதைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன்.

கல்லூரிக்குப் புது மணி வாங்கினார்கள். விளிம்பு நெளிந்த பழைய மணியைக் கேட்டு வாங்கி அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அண்ணி ஜன்னலோரம் நின்று, பள்ளிக்கூடம் விட்டு இன்னும் ஒருத்தரும் வரவில்லையே என்று தெருவைப் பார்க்கும்போது, நான் மணியை எடுத்து நீளமாக அடித்தேன். நம்ப மாட்டீர்கள், அவள் முதுகு நிமிர்ந்தது. திரும்பினாள், கையை உதறினாள். நான் துணிக்கடைக்காரி என்று தொடங்கி, கேட்காமலே பேசும் நாத்தனார்வரை வரி பிசகாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், "என்ன பெல்லு, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கற?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் அந்த மணிதான் எங்களுக்கு எல்லாம். அண்ணனும் அடிக்கக் கற்றுக்கொண்டான். அவன் அடித்தால் ஐஸ் வண்டி மாதிரி இருக்கிறது என்று அண்ணியே கிண்டல் செய்வாள். நல்ல நாட்கள் வந்தன. அவளும் நானும் துவைத்த துணியை மடிப்பது எப்படி என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். அந்தச் சண்டை முடியவே கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கத்தினேன்.

அந்தத் துணிகளை அடுக்கி முடித்த பிறகுதான் அவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் கூடத்தில் இருந்தான், அவன் காதில் விழக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குப் பயமா இருக்கு, பெல்லு. யாராவது ஏதாவது கேட்டா, நான் யோசிக்கறதுக்குள்ள உள்ள இருந்து ஒருத்தி பதில் சொல்லிடறா."

"மணி அடிச்சா வந்துடறீங்களே, அண்ணி."

"வந்து என்ன சொல்றேன்? அதுவும் பாடம் பண்ணினதுதானே. அந்தப் பாடத்தைச் சொல்றவ நான்தான்னு நீ எப்படி நம்பற?"

கேட்காமலே பேசுகிறவள் என்று பேர் வாங்கியவள், கேட்டபோது ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் கைக்குள் ஜில்லென்று இருந்தது. அந்தப் பிள்ளைகள் இல்லை என்று தனக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் இல்லை என்று நினைக்கும்போது பெற்றதைத் தொலைத்த மாதிரி நெஞ்சு அடைக்கிறது என்றாள். நாங்கள் இருப்பது தெரிகிறது, ஆனால் சில சமயம் அதற்கு நெஞ்சில் ஒன்றுமே ஆவதில்லை என்றாள். எது நிஜம் என்று நெஞ்சைக் கேட்டால் அது தப்பாகச் சொல்கிறது, பெல்லு என்றாள். இதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் மேஜையில் எங்கள் மூன்று பேர் தட்டோடு இன்னும் மூன்று தட்டு இருந்தது. ஒரு தட்டில் மட்டும் கரண்டி இடது பக்கம். அண்ணி யாருக்காகவோ காத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அலமாரிமேலிருந்த மணியை எடுத்து நீளமாக அடித்தேன்.

அண்ணி எழுந்தாள். கையை உதறினாள். துணிக்கடைக்காரி, வேன் ஓட்டும் புருஷன், கேட்காமலே பேசும் நாத்தனார், ஒரு வியாதியும் இல்லை. ஒரு சொல் பிசகவில்லை. நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் உட்காரவில்லை. தேர்வு முடிந்ததும் பக்கத்து அறை ஆட்களைப் பார்த்துச் சிரிப்பாளே, அப்படிச் சிநேகமாக எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"மணி அடிச்சாச்சு. நீங்களும் சொல்லிட்டு எழுந்திருங்க."

அண்ணன்தான் முதலில் எழுந்தான். பெரிய கைகள் அவனுக்கு, அவற்றை எப்படி உதறுவது என்று தெரியாமல் தட்டுக்குமேல் ஆட்டினான்.

"நான் வேன் ஓட்டறவன். இவளுக்குப் புருஷன்."

அண்ணி பொறுமையாக, இல்லையென்று தலையை ஆட்டினாள். "அது வேஷம் சார். அதை விட்டுட்டு உங்களோடதைச் சொல்லுங்க. இல்லைன்னா வீட்டுக்குப் போயும் விடாது."

அண்ணனோடதென்று சொல்ல வேறு ஒன்றும் அவனிடம் இல்லை. அண்ணி என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்தேன். இன்னும் மணி என் கையில்தான் இருந்தது, அதன் நாக்கு ஆடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். நான் மணி அடிக்கிறவள் என்றேன். எனக்கு ஒரு அண்ணன் என்றேன். ஒரு அண்ணி என்று சொல்லும்போது, மூன்றாவது வட்டம் என் காலடியில் உடைந்தது. அவளை நாங்கள் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. நான் நாத்தனார் என்பது அவள் கையில் இருந்தது. அவள் விட்டால் எதிரில் நிற்கும் நான் யார்?

"எங்க அண்ணிக்கும் எனக்கும் ஆகாது" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு நாத்தனார் இருக்கா. அவளை அப்படியே பண்றீங்க. அந்த மூஞ்சியத் தூக்கற தோரணைகூட. எங்க பார்த்துப் படிச்சீங்க?"

பிறகு, நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். நான் மறிக்கப் போனேன். அண்ணன் என்னை விலக்கினான். ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தான். வாழ்நாள் முழுக்கப் பேச்சுக்குக் கஞ்சப்பட்டவன் அவளிடம், "வாங்கம்மா, நான் அந்தப் பக்கம்தான் போறேன், இறக்கி விட்டுடறேன்" என்றான். அவள் நன்றி சொல்லி, பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஏறிக்கொண்டாள்.

வேன் தெரு முனையில் திரும்பியது. நான் ஓடிவந்து அதிகப்படித் தட்டுகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். மணியை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே வாசலில் போய் நின்றேன். எப்படி நிற்பது என்று தெரியவில்லை. வழக்கமாக நான் எப்படி நிற்பேன்? இடுப்பில் கை வைப்பேனா? வலது கையா? எத்தனையோ வருஷம் நின்ற வாசலில் நிற்கத் தெரியாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நாலு தெரு சுற்றிவிட்டு வேன் வந்து நின்றது. அண்ணன் இறங்கிக் கதவைத் திறந்தான். அண்ணி இறங்கினாள், வீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்து, "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினான். அவள் படியேறி என்னிடம் வந்தாள்.

"எப்ப வந்த, பெல்லு? இன்னிக்கு ஒருத்தி உன்னை மாதிரியே பண்ணினா தெரியுமா? நீயே தோத்துடுவ."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கெட்டுவிடும் என்று தெரிந்தது. இந்த நாத்தனார் அழ மாட்டாள், அதை அவள் அறிவாள். நான் இடுப்பில் கை வைத்தேன், மூஞ்சியைத் தூக்கினேன்.

"யாரு அவ? என்னைவிடவா? உங்களுக்கு எப்பவும் வெளியாளுங்கதான் ஒசத்தி."

சரியாக வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே போய், கைப்பையைத் தன் ஆணியில் மாட்டினாள். அவள் திரும்பிப் பார்க்கும்வரை இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.